கிட்டார் பெடலுக்குக் குறைந்த செலவில் பவர் சப்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன அறையில் ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறேன். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டார் பெடல் என்பது காலால் மிதித்து கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. "பெடல் போயிடுச்சுண்ணா" என்று பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குப் பெடல் நன்றாகத்தான் இருக்கும், கூட வந்த அடாப்டர்தான் தப்பாக இருக்கும். ஓசூரிலிருந்து வந்தாலும் பாலக்கோட்டிலிருந்து வந்தாலும் கேள்விகள் அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

வீட்டில் ஒரு 9 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கிறது. அதைச் செருகினால் ஆகாதா?

ஆகாது என்று சொல்லவில்லை. செருகுவதற்கு முன்னால் அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பாதி வட்டம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் என்று ஒரு சின்னப் படம் இருக்கும். புள்ளி பிளஸ்ஸோடு சேர்ந்திருந்தால் பின்னின் உள்பக்கம் பிளஸ். வைஃபை ரூட்டர், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் இந்த வகை. கிட்டார் பெடல் இதற்கு நேர் தலைகீழ்: உள்ளே மைனஸ், வெளியே பிளஸ்.

ஏன் இப்படி ஊரோடு ஒத்துவராமல் வைத்தார்கள் என்று கேட்பார்கள். பெடல் முதலில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடிய சாமான். அடாப்டர் பின்னைச் செருகியதும் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். ஜாக்கில் அந்தத் துண்டிக்கும் தகடு இருப்பது வெளிப்பக்கத் தொடர்பில். பேட்டரியின் பிளஸ்ஸை அங்கே கொடுத்தால் கிரவுண்டை (சுற்று முழுவதற்கும் பொதுவான இணைப்பை) தொடாமலே வேலை முடிந்துவிடுகிறது. அந்த வசதிக்காகத் தொடங்கிய பழக்கம், பாஸ் (BOSS) கம்பெனியின் பெடல்கள் உலகம் முழுக்கப் பரவியபோது ஒரு விதியாகவே ஆகிவிட்டது.

நானும் ஆரம்பத்தில் ஒரு ரூட்டர் அடாப்டரை டிலே பெடலில் (எதிரொலி தரும் பெடல்) செருகியவன்தான். அதிலும் 9 வோல்ட், இதிலும் 9 வோல்ட், பின்னும் சரியாகப் பொருந்தியது. லேசாகக் கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். நல்ல பெடல்களில் இதற்காகவே உள்ளே ஒரு டயோடு வைத்திருப்பார்கள். சிலவற்றில் அது கரண்டை மறித்து நிறுத்தும், சிலவற்றில் தானே ஷார்ட் ஆகிப் பெடலைக் காப்பாற்றிவிட்டுச் சாகும். இரண்டாவது வகையாக இருந்தால் சில ரூபாய் டயோடு மாற்றினால் பெடல் பிழைத்துவிடும். என்னுடையதில் எந்த டயோடும் இல்லை.

இன்னொன்று, சர்ச்சில் வாசிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யமஹா கீபோர்டுகளுக்கு வரும் 12 வோல்ட் அடாப்டரில் உள்ளே பிளஸ். வோல்ட்டும் வேறு, திசையும் வேறு. கீபோர்டும் பெடலும் ஒரே மேஜையில் இருந்தால் பெடல் அடாப்டரின் வயரில் ஒரு சிவப்பு டேப்பைச் சுற்றி வையுங்கள்.

அடாப்டரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வோல்ட், திசை, ஆம்பியர், பின்னின் அளவு. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, உள்ளே மைனஸ், வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1 மில்லிமீட்டர். உள் துளை 2.5 உள்ள பின்னும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், செருகினால் லொடலொடவென்று ஆடும், மேடையில் காலால் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அணைந்து எரியும். இவற்றோடு நம் நாட்டில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாத அடாப்டரை நான் மலிவு என்று சொல்லமாட்டேன், ஆபத்து என்பேன். 230 வோல்ட்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் இருப்பது அந்த பிளாஸ்டிக் டப்பா மட்டும்தான்.

பெடலில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் கருகிவிடுமா?

கருகாது. உங்கள் வீட்டு லைனில் பெரிய மோட்டாரே ஓடும் அளவு கரண்ட் இருக்கிறது. அதே லைனில் ஜீரோ வாட்ஸ் பல்பும் நிம்மதியாகத்தானே எரிகிறது? தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான்.

என் பெடல்களுக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒவ்வொரு பெடலின் அடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதைக் கூட்டுங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். அனலாக் பெடல்கள் (உள்ளே கணினிச் சில்லு இல்லாதவை) கரண்டே சாப்பிடுவதில்லை. பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) 10 மில்லி ஆம்பியரைக்கூடத் தொடாது. அதே கம்பெனியின் மெட்டல் ஸோன் 20 சுற்றளவில். டியூனருக்கு (சுருதி பார்க்கும் பெடல்) 30 வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலுக்குப் போனால்தான் பசி அதிகம்: பாஸ் ஆர்வி-6 ரிவர்ப் (மண்டபத்து முழக்கம் தரும் பெடல்) 95, ஜூம் எம்எஸ்-50ஜி 200 வாக்கில், ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை 300. ஆக ஒரு டிஸ்டார்ஷன், ஒரு மெட்டல் ஸோன், ஒரு டியூனர், ஒரு ரிவர்ப் வைத்திருப்பவருக்கு மொத்தமே 150-தான் வருகிறது. அவரிடம் போய் பத்துத் துளை உள்ள பெரிய பவர் சப்ளை பெட்டி இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால், சொல்பவர் பெட்டி விற்பவராக இருப்பார்.

ஒரே அடாப்டரில் ஐந்து தலை உள்ள வயர் மாட்டினால் போதுமா? அது இரைச்சல் போடும் என்கிறார்களே?

டெய்ஸி செயின் என்று விற்கும் அந்த வயரைப் பற்றித்தான் அதிகம் சண்டை நடக்கிறது. என் பதில்: அனலாக் பெடல்களுக்கு அது தாராளமாகப் போதும். டிஜிட்டல் பெடலை அதே வயரில் சேர்க்கும்போதுதான் தொல்லை.

டிஜிட்டல் பெடலுக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்புக்கு ஏற்ப அது கரண்டை விட்டு விட்டு இழுக்கும். அந்த இழுப்பு பொதுவான வயர் வழியாகப் பக்கத்துப் பெடலுக்கும் போகும். பக்கத்தில் இருப்பது கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றிவைத்த டிஸ்டார்ஷன் என்றால் அந்தச் சின்னத் துடிப்பையும் பல நூறு மடங்கு பெருக்கிவிடும். காதில் கொசு மாதிரி "ங்ங்ங்" என்று ஒரு மெல்லிய கீச்சு வரும். இது கரண்டு ஹம் அல்ல. ஹம் அடித்தொண்டையில் "உம்ம்ம்" என்று வரும், நம் ஊரில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். இரண்டையும் காதால் பிரித்துப் பழகினாலே பாதி ரிப்பேர் முடிந்தது.

இரண்டாவது காரணம் கிரவுண்ட் வட்டம். பெடலுக்குப் பெடல் போகும் சிக்னல் கேபிளின் வெளிச்சுற்று ஏற்கெனவே கிரவுண்டை இணைத்திருக்கிறது. டெய்ஸி செயினும் அதே கிரவுண்டை இன்னொரு வழியில் இணைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம், அந்த வளையம் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொள்ளும். அடாப்டர்களையும் ஆம்பையும் பெடல் போர்டிலிருந்து ஓர் எட்டு தள்ளி வைத்தாலே இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிக்கனமான வழி இதுதான்: அனலாக் எல்லாம் ஒரு அடாப்டர், ஒரு டெய்ஸி செயின். டிலே, ரிவர்ப், லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிப்பது) மாதிரி டிஜிட்டல் ஒன்றோ இரண்டோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடாப்டர். தனி அடாப்டர் என்றாலே தனி டிரான்ஸ்பார்மர், அதாவது ஐசொலேஷன் (ஒன்றின் கிரவுண்டு இன்னொன்றோடு சேராமல் தனித்து நிற்பது). பெட்டி கட்டி விற்கும் பெரிய கம்பெனிகள் உள்ளே செய்வதும் இதேதான், அழகாகச் செய்கிறார்கள். பார்வைக்கு அசிங்கமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று அடாப்டர் தொங்கும், உண்மைதான். காதுக்கு அது தெரியாது.

பாஸ் டியூனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. டியூ-3 மாடலில் கரண்ட் வெளியே எடுக்கும் ஒரு துளையும் இருக்கிறது. அதிலிருந்து அடுத்த அனலாக் பெடல்களுக்கு வயர் ஓட்டலாம். பலருக்கு அந்தத் துளை எதற்கு என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

பத்துத் துளை உள்ள பவர் சப்ளை பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. மேலே "ஐசொலேட்டட்" என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

எழுதியிருப்பதை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூர் போய் அப்படி ஒரு பெட்டி வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் அந்த வார்த்தை மினுமினுவென்று இருந்தது, கடைக்காரரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கிருஷ்ணகிரிக்கு வந்து மாட்டினால் பழைய கொசு அப்படியே பாடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பத்துத் துளைக்கும் கிரவுண்டு ஒன்று. ஒரு டெய்ஸி செயினை அழகான இரும்புப் பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

சோதிப்பது சுலபம். பெட்டிக்கு வரும் கரண்டை முழுவதும் கழற்றிவிடுங்கள். மீட்டரை "பீப்" அடிக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு வெளியீட்டு வயரின் பின்னுக்குள் ஒரு முனை, இன்னொரு வயரின் பின்னுக்குள் மறு முனை. உள்பக்கம் மைனஸ் என்பதால் இரண்டு கிரவுண்டையும் தொடுகிறீர்கள். பீப் அடித்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்தவை. எல்லா ஜோடிகளையும் பாருங்கள், ஏனென்றால் இரண்டு மூன்று துளைகளை மட்டும் பிரித்துவிட்டு மீதியைச் சேர்த்திருக்கும் பெட்டிகளும் உண்டு. கடைக்கு மீட்டரைக் கையில் எடுத்துப் போங்கள், வெட்கமே வேண்டாம். கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு சோதனைதான்.

அதற்காக ஐசொலேஷன் இல்லாத பெட்டி குப்பை என்று சொல்லவில்லை. பல மாடல்களில் 12 வோல்ட்டும் 18 வோல்ட்டும் ஒவ்வொரு துளை கிடைக்கும், ஒவ்வொரு துளைக்கும் ஷார்ட் பாதுகாப்பு இருக்கும், வயர்கள் ஒழுங்காக இருக்கும். அந்த வசதிக்கு அந்த விலை கொடுக்கலாம். ஐசொலேஷனுக்காகக் கொடுத்தால்தான் ஏமாந்த கணக்கு. ஒரு துளைக்கு 100 மில்லி ஆம்பியர்தான் என்பதையும் பாருங்கள். 300 கேட்கும் ரிவர்ப் அதில் எழுந்திருக்காது, இல்லை என்றால் பாதியில் மயங்கி விழும்.

அப்பா காலத்து பேட்டரி எலிமினேட்டர் ஒன்று இருக்கிறது. 3, 4.5, 6, 9, 12 என்று திருகும் வகை. ஆகுமா?

டேப் ரிக்கார்டருக்கு வாங்கியதாக இருக்கும். வேண்டாம். அதில் வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. 9-இல் வைத்துச் சும்மா அளந்தால் 12, 13 வோல்ட் காட்டும், லோடு ஏற ஏற இறங்கும். 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெடல் அதற்கு லோடே அல்ல. ரேடியோவில் அடங்கிப்போன 100 ஹெர்ட்ஸ் ஹம் டிஸ்டார்ஷனில் உறுமும். அதோடு திசை மாற்றும் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். குழந்தை ஒன்று அதைத் தள்ளிவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன கதைதான். பரணிலேயே இருக்கட்டும்.

ஹம் வருகிறது. பவர் சப்ளைதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். பெடலை அதில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் சப்ளைதான் குற்றவாளி. போகவில்லை என்றால் புது சப்ளை வாங்கியும் போகாது. செலவு செய்யும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பேட்டரியிலும் ஹம் இருந்தால் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஒரு திசையில் ஏறி இன்னொரு திசையில் இறங்கினால் அது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) காற்றில் பிடிக்கும் ஹம். பழைய சோக் வைத்த டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், சீரியல் செட் எல்லாம் அதற்குத் தீனி போடும்.

திருவிழா மேடையில் ஜெனரேட்டர். பெடல்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. விலை உயர்ந்த சப்ளையும் இதிலிருந்து தப்பாது.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர், ஒரு ஃபேஸில் விளக்கு, ஒன்றில் ஆம்ப், இன்னொன்றில் மீதி. இரண்டாவது பாட்டு நடக்கும்போது மேடை விளக்குகள் திடீரென்று பகல் மாதிரி எரிந்தன. ஆடியன்ஸ் விசிலடித்தார்கள். அடுத்த நொடி என் காலடியில் "டப்". நியூட்ரல் வயர் லூசாகியிருக்கிறது. நியூட்ரல் போனால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 என்ற கணக்கே கிடையாது. லோடு குறைவாக உள்ள பக்கம் 400-ஐ நோக்கி ஏறும், அதிகமான பக்கம் மங்கும். பெடல்கள் குறைந்த லோடு, அதனால் அடி நமக்குத்தான். அன்று அடாப்டர் செத்தது, பெடல்கள் பிழைத்தன. மாற்று அடாப்டர் சில நூறு ரூபாய் என்பதால் பையில் இன்னொன்று இருந்தது, கச்சேரி நின்றது ஐந்து நிமிடம்தான். அதே அடி ஒரு பெரிய ஐசொலேட்டட் பெட்டிக்கு விழுந்திருந்தால் அன்றைய சம்பளம் மட்டுமல்ல, அடுத்த பத்து கச்சேரி சம்பளமும் போயிருக்கும். மலிவான சப்ளையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போதெல்லாம் மேடை ஏறியதும் முதல் வேலை, மீட்டரை 600 அல்லது 750 வோல்ட் ஏசியில் வைத்து நமக்குக் கொடுத்த பிளக் பாயிண்டை அளப்பது. 210-இலிருந்து 245-க்குள் அசையாமல் நின்றால் செருகுவேன். விளக்கெல்லாம் போட்ட பிறகு இன்னொரு முறை அளப்பேன். ஸ்டெபிலைசர் கிடைத்தால் அதன் வழியாக எடுப்பது நல்லது, குறிப்பாக அதிக வோல்ட்டில் துண்டிக்கும் வகை.

அப்புறம் எர்த். கிட்டார் கம்பி பிரிட்ஜ் (கம்பி உட்காரும் உலோகத் துண்டு) வழியாகக் கிரவுண்டில் இருக்கிறது; அதாவது உங்கள் விரல் ஆம்பின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மைக்கின் வலை மிக்ஸரின் உடம்பு. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லை என்றால், பாட உதட்டை மைக்கில் வைத்ததும் சுள்ளென்று இழுக்கும். லேசான சுருக்சுருக் என்றால் பெரும்பாலும் இரண்டு பின் அடாப்டருக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டரின் கசிவு. பலமாக அடித்தால் அது கசிவு அல்ல, வயரிங் தப்பு. பாடும் முன் மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். பத்து இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரி செய்யும்வரை தொட வேண்டாம். ஹம் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஹம் போகும். ஒருநாள் ஆளும் போவார்.

எங்கள் ஊரில் சாயங்காலமானால் லோ வோல்டேஜ். எந்த வகை தாங்கும்?

எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) வகை. அடாப்டரில் "100-240 வோல்ட்" என்று போட்டிருந்தால் 170-க்கு இறங்கினாலும் 9 வோல்ட் 9 வோல்ட்டாகவே வரும். கையில் தூக்கினால் லேசாக இருப்பவை இவைதான். கனமான டிரான்ஸ்பார்மர் வகை சத்தத்தில் சுத்தம் என்று ஒரு பேர் உண்டு, வோல்ட் சரியாக இருக்கும்வரை அது உண்மையும்கூட. 170-இல் அதற்கு மூச்சு வாங்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கனமான அடாப்டர் என்றால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை நம் லைனில் செருகினால் அடுத்த சில நிமிடங்களில் புகை.

பவர் பேங்கில் ஓட்டலாமா?

ஓட்டலாம், எனக்குப் பிடித்த வழி. கரண்ட் கட், ஜெனரேட்டர், எர்த் எதுவும் தொடாது, ஹம்மும் கிடையாது. 5 வோல்ட்டை 9 ஆக ஏற்றும் யுஎஸ்பி வயர் ஒன்று வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. ஏற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், மொத்தம் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெடல்கள் பத்து மணி நேரம் ஓடும். ஒரு ராத்திரிக் கச்சேரி தாண்டிவிடும்.

இரண்டு பொறிகள். கடைகளில் கிடைக்கும் இந்த வயர்கள் பெரும்பாலும் ரூட்டருக்காகச் செய்தவை, உள்ளே பிளஸ். திசை மாற்றும் துண்டு வயர் போட்டாலொழியப் பெடலுக்கு ஆகாது. இன்னொன்று, ஒரே ஒரு ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு தரும் பெடல்) மட்டும் மாட்டினால் பவர் பேங்க் "யாருமே இல்லை" என்று நினைத்துச் சில நொடிகளில் தூங்கிவிடும். டிஜிட்டல் பெடல் ஒன்று சேர்ந்தால் தூங்காது. ஆனால் அதே வயரில் டிஜிட்டலைச் சேர்த்தால் கொசு வரும் என்று முன்பு சொன்னேன். ஆமாம், இரண்டு யுஎஸ்பி துளை இருந்தாலும் கிரவுண்டு ஒன்றுதான். கெயின் அதிகம் வைக்காதவர்களுக்கு இது சரி.

18 வோல்ட் கொடுத்தால் சவுண்டு நன்றாக இருக்கும் என்கிறார்களே?

சில ஓவர்டிரைவ்களில் கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கும். கையேட்டில் 18 வரை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். சில பெடல்களுக்குள் 9 வோல்ட்டை இரட்டிப்பாக்கும் 7660 மாதிரி ஒரு ஐசி இருக்கும். க்ளோன் செண்டார் வகைப் பெடல்களும் அதன் நகல்களும் இப்படித்தான். அந்த ஐசி 10 வோல்ட் பக்கம்தான் தாங்கும். 12 கொடுத்தாலே போய்விடும், 18 கேட்கவே வேண்டாம்.

பழைய ஃபஸ் பெடல் ஒன்றை டெய்ஸி செயினில் மாட்டினேன். எல்லாப் பெடலும் அணைந்துவிட்டது. ஏன்?

ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்ஸிஸ்டர் வைத்த ஃபஸ்ஸாக (கரகரப்புப் பெடலில் ஒரு வகை) இருக்கும். அதில் கிரவுண்டு பிளஸ்ஸில் இருக்கிறது. மற்றவற்றில் மைனஸ். சிக்னல் கேபிள் இரண்டு கிரவுண்டையும் சேர்த்ததும் அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கொண்டன. திசை மாற்றும் வயர் போட்டாலும் இதே கதிதான். தனி அடாப்டரோ பேட்டரியோ கொடுங்கள்.

டிஜிடெக் வாமி செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 9 வோல்ட்தான், ஆனால் ஓடவில்லை.

பழைய நான்காம் தலைமுறை வாமியா (சுருதியை ஏற்றி இறக்கும் பெடல்)? அதற்கு 9 வோல்ட் ஏசி வேண்டும், டிசி அல்ல. லைன் 6 கம்பெனியின் முதல் தலைமுறை டிஎல்4 டிலேயும் அப்படித்தான். ஐந்தாம் தலைமுறை வாமிக்கு டிசி. ஏசி அடாப்டரைத் தவறியும் மற்ற பெடல்களில் செருகிவிடாதீர்கள்.

நானே செய்துகொள்ளலாமா? 12-0-12 டிரான்ஸ்பார்மர் இருக்கிறது.

மெயின்ஸ் கரண்டில் கை வைத்துப் பழக்கம் உள்ளவர் என்றால் செய்யலாம். பழக்கம் இல்லை என்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போங்கள்.

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 2200 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 7809 ரெகுலேட்டர். 230 வோல்ட் வரும்போது ரெகுலேட்டருக்கு முன்னால் சுமார் 15 வோல்ட் நிற்கும். 300 மில்லி ஆம்பியர் எடுத்தால் மிச்சமுள்ள 6 வோல்ட்டும் சூடாகிறது, கிட்டத்தட்ட 2 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் விடாதீர்கள். 7809-க்குள் நுழைவது 11 வோல்ட்டாவது இருக்க வேண்டும். லைன் 170-க்கு இறங்கினால் அந்த 15 என்பது 11-க்கு வந்து நிற்கும், ஹம் தலைகாட்டும். முன் கேள்வியில் மூச்சு வாங்கும் என்றது இதைத்தான்.

12-0-12-ஐ வைத்து இரண்டு ஐசொலேட்டட் வெளியீடு எடுக்கலாம் என்று ஒருவர் வந்தார். முடியாது, நடுவில் உள்ள ஜீரோ இரண்டுக்கும் பொது. தனித்தனி சுற்று உள்ள டிரான்ஸ்பார்மர் வேண்டும், இல்லை என்றால் இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர். ஃபியூஸ் போடுங்கள், இரும்புப் பெட்டி என்றால் எர்த் கொடுங்கள்.

மெயின்ஸைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டு. டெய்ஸி செயினில் இரைச்சல் பிடிக்கும் அனலாக் பெடலுக்கு மட்டும், பிளஸ் வயரில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குப் பின்னால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் 470 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. ஐந்து மில்லி ஆம்பியர் பெடலில் அரை வோல்ட்தான் இழப்பு, கொசு பெரும்பாலும் ஓடிவிடும். செலவு ஒரு டீ, ஒரு போண்டா. டிஜிட்டல் பெடலுக்கு இதைச் செய்தால் 100 மில்லி ஆம்பியருக்கு 10 வோல்ட் இழப்பு என்று கணக்கு வரும், அதாவது பெடல் எரியவே எரியாது.

மகளுக்கு மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்வது) வாங்கப் போகிறேன். பவர் சப்ளை தனியாக வேண்டுமா?

வேண்டாம் சார். கூட வரும் அடாப்டரோ கம்பெனி சொல்லும் அடாப்டரோ போதும். ஜூம் ஜி1 ஃபோர் என்றால் 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், உள்ளே மைனஸ். நாலு பென்சில் பேட்டரியிலும் ஓடும். மிச்சமாகும் காசுக்கு ஒரு நல்ல கேபிளும் இரண்டு செட் கம்பியும் வாங்கிக் கொடுங்கள்.

கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. நாலு அனலாக், ஒரு டிலே. என்ன வாங்குவது?

100-240 போட்ட 9 வோல்ட் 1 ஆம்பியர் பெடல் அடாப்டர் ஒன்று, ஐந்து தலை டெய்ஸி செயின் ஒன்று, டிலேவுக்கு 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் ஒன்று, ஒரு சாதாரண மல்டிமீட்டர். அதில் மிச்சமும் வரும். செயினில் மிச்சமாகும் தலையின் பின்னை டேப் சுற்றி மூடுங்கள். அது பெடலின் உடம்பில் பட்டால் ஷார்ட். கிட்டார் சாமான் என்று பெயர் போட்டு விற்கும் இடத்தில் வாங்கினால் திசைத் தொல்லை இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினால் பாதி விலைக்கு வரும், படத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே அளந்து பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிந்த பிறகு அளந்து பயனில்லை.

பேட்டரியிலேயே வாசிக்கிறேன், ஆனால் புது பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. பெடல் கெட்டுவிட்டதா?

வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? பெரும்பாலான பெடல்களில் தனியாக சுவிட்ச் கிடையாது. இன்புட் துளையில் ஜாக் செருகினாலே பேட்டரி ஆன். காலால் மிதித்து எஃபெக்டை அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரவு படுக்கும் முன் கிட்டாரிலிருந்து வரும் கேபிளைப் பெடலின் இன்புட் துளையிலிருந்து உருவிவிடுங்கள்.